இரண்டாவது தண்ணீர்

லாரன்ஸ் ரோட்டில்
நான் நிறம் கலக்கும் கடைக்கு
மஞ்சக்குப்பத்திலிருந்து வந்தார் வசுமதி.
மகனுக்கு மஞ்சள் ஆகாது,
ஊர்ப் பேரிலேயே இருக்கு பாருங்க என்று
சிரித்தபடி ஆரம்பித்து
பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பொங்கலுக்கு வீட்டுக்காரர் அடித்துவிட்டுப் போன மஞ்சள்.
மங்களகரமாக இருக்கட்டும் என்று
முகம் தெரியும்படி மினுங்குகிற மஞ்சள்.
அன்றிலிருந்து யுகேந்திரன்
கட்டிலுக்கு அடியில் தூங்குகிறான்.
சாப்பிடக் கூப்பிட்டால்
புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருகிறான்.
"சுவர் கத்துதும்மா."
டாக்டர் அதற்கொரு பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.
சீட்டைப் பையிலிருந்து பாதி எடுத்தவர்
திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.
பெயிண்ட் கடையில் எதற்கு.

நான் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்.
நீலம் அமைதி. இளம்பச்சை அமைதி.
பிள்ளைகள் அறைக்கென்று தனி அட்டையே இருக்கிறது.
"பிள்ளைங்களுக்கு இல்லைங்க," என்றார்,
"இவனுக்கு."

அட்டையில் ஆயிரத்து எண்ணூறு சதுரம்.

சின்னச் சின்ன டப்பாவாக
ஒன்பது தடவை வாங்கிப் போனார்.
நீலம் குளிருதாம்.
ரோஜாவைப் பார்த்ததும் வாந்தி.
சாம்பல் நிறத்துக்கு முன்னால்
பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான்,
அப்புறம் ஓரம் கோணல் என்று எழுந்து போய்விட்டான்.
இதற்குள் நானும் சிலது கற்றுக்கொண்டிருந்தேன்:
மினுமினுப்பு வேண்டாம், வெளிச்சம் பட்டுத் திரும்பக் கூடாது.
கதவு மட்டும் அடர்த்தியாக இருக்கட்டும்,
வெளியே போகும் வழி
அவனுக்கு எப்போதும் தெரிய வேண்டும்.

பத்தாவது தடவை போன் வந்தது.
"பச்சைப்பயறு ஊறவெச்ச தண்ணி இருக்குல்ல,
அரை மணி நேரமா அதையே பாத்துட்டு நிக்கிறான்.
முதல் தண்ணி இல்லைங்க.
அதைக் கொட்டிட்டு ஊத்துன
ரெண்டாவது தண்ணி."

மெஷினில் அதற்கு எண் கிடையாது.
என் சாப்பாட்டு டப்பாவில் பயறு ஊறியது இரண்டு நாள்.
முதலாளி சுண்டலா என்று கேட்டார்.
வெள்ளையில் பச்சை மூன்று சொட்டு,
கறுப்பு அரைச் சொட்டு,
சூடு வரட்டும் என்று மஞ்சள்
ஊசி முனையளவு.
நானே நான்கு தடவை பார்த்தேன்.
தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லாத மதியம்,
அவனே வந்தான்.
மூடியைத் திறந்தேன்.
என்னைப் பார்க்கவில்லை, டப்பாவைப் பார்த்தான்.
"உள்ள மஞ்சள் ஒளிஞ்சிருக்கு."

இருபத்தோரு வருடம் நிறம் கலக்குகிறேன்.
பில் போட்ட பிறகும்
தப்பாகக் கலந்த டப்பாவை விற்க மனசு வராமல்
முதலாளியிடம் திட்டு வாங்குகிறவன்.
என்னை யாரும் இதுவரை பிடித்ததில்லை.

கொட்டிவிட்டு மறுபடி கலந்தேன், மஞ்சள் இல்லாமல்.
கலக்கும் மெஷின் ஆடியபோது
காதைப் பொத்திக்கொண்டான்; நிறுத்திவிட்டுக்
குச்சியால் கிண்டினேன், நாற்பது நிமிடம்.
விரலை உள்ளே விட்டான்.
எடுத்து முழங்கையில் ஒரு கோடு இழுத்தான்.
அழிக்கவில்லை.
வசுமதி எத்தனை லிட்டர் என்று கேட்டார்,
குரல் சரியாக வரவில்லை.
வாசல் பக்கம் மட்டும் மஞ்சளாகவே இருக்க வேண்டுமாம்,
வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.
இவன் பின்வாசல் வழியாகப் போய்க்கொள்வான்.

கிளம்புகிற நேரத்தில் அவன் அண்ணாந்து பார்த்தான்.
என் தலைக்கு மேலே இருக்கிற டியூப்லைட்டை.
"ஙீ-ன்னுது," என்றான்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அப்படித்தான்.
முதலில் முதலாளியிடம் சொன்னேன்,
பிறகு எலக்ட்ரீஷியனிடம்,
பிறகு என் மனைவியிடம்.
எல்லோரும் நின்று கேட்டுப் பார்த்துவிட்டு
ஒண்ணும் கேக்கலையே என்றார்கள்.
அதற்கப்புறம் நான் யாரிடமும் சொன்னதில்லை.
தினமும் ராத்திரி தலைவலியோடு பஸ் ஏறுவேன்,
ஜன்னல் பக்கம், வலது வரிசை, மூன்றாவது சீட்.
அது காலியில்லை என்றால்
அடுத்த பஸ்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி
டியூப்பைக் கழற்றினேன்.
டப்பாக்கள் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்தன.

கல்லாவிலிருந்து முதலாளி கேட்டார்,
"என்னப்பா, கரண்ட் போச்சா?"

நாங்கள் இரண்டு பேரும்
பதில் சொல்லவில்லை.